நல்ல காஸ் எது?

சிலிண்டர் தீரும் தறுவாயில் அதைப் படுக்கப் போட்டு உருட்டி, இன்னும் இரண்டு வேளைச் சோறு வடித்துவிடும் வித்தை அம்பத்தூர்ப் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் உண்டு. சிலர் அடியில் வெந்நீர்த் தாம்பாளம் வைப்பார்கள். ஆபத்தான வேலை. படுத்த சிலிண்டரிலிருந்து ஆவிக்குப் பதிலாகத் திரவமே ரெகுலேட்டருக்குள் ஏறிவிடலாம். அடுப்பில் சுடர் முழ உயரம் எழும். செய்யாதீர்கள் என்று சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும். ஆனால் அந்த வித்தைக்குப் பின்னால் ஒரு நியாயமான சந்தேகம் இருக்கிறது: காசு கொடுத்து வாங்கியதில் கொஞ்சம் எரியாமல் அடியிலேயே தங்கிவிடுகிறதோ?

தங்கத்தான் செய்கிறது. சிலிண்டரில் வருவது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம். புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகும். பியூட்டேன் ஏறத்தாழ சுழியத்தில். இவற்றோடு ஒட்டிக்கொண்டு கொஞ்சம் பென்டேனும் வந்துவிடும். அதன் கொதிநிலை 36 டிகிரி. கடைசி நாள்களில் அடியில் சோம்பிக் கிடப்பது இந்தக் கனத்த வகைதான். இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 4576, கலவையில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு 2 டிகிரிக்குள் ஆவியாகிவிட வேண்டும் என்கிறது. மீதி ஐந்து பங்கிடம் அது அவ்வளவு கண்டிப்புக் காட்டுவதில்லை. சிலிண்டரைப் படுக்கப் போடும் அம்மாளின் சண்டை ஏஜென்சிக்காரரோடு அல்ல, அந்த ஐந்து பங்கோடு.

தங்கத்துக்கு இருபத்திரண்டு காரட் என்றால் தி.நகரிலும் பூந்தமல்லியிலும் அளவுகோல் ஒன்றுதான். காஸுக்கு அப்படிப் பொதுவான காரட் கிடையாது. குழாய் போட்டவர் கேட்கும் சுத்தம் ஒன்று. பட்டறைக்காரர் கேட்பது வேறு. ஆட்டோக்காரரும் அடுப்படியில் நிற்பவரும் கேட்பது இன்னும் வேறு. இந்நாட்டில் எழுதப்பட்டிருக்கும் தர விதிகளை வரிசையாக வைத்துப் படித்தால், யார் கேட்டது முதலில் எழுதப்பட்டது, யார் கேட்டது விடுபட்டது என்பது தெரிந்துவிடும்.

இதை இப்போது பேசக் காரணம் இருக்கிறது. 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையும், அதை ஒட்டிய பட்டரவாக்கமும், அந்தப் பக்கம் திருமழிசையும் நெடுங்காலம் டீசல், ஃபர்னஸ் ஆயில், நீலச் சிலிண்டர் இவற்றை நம்பியே அடுப்பு மூட்டின. 2019 மார்ச்சில் எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் இந்தியன் ஆயில் குழுமத்தின் எல்.என்.ஜி முனையம் திறக்கப்பட்டது. ஆண்டுக்கு 50 லட்சம் டன் திறன். மைனஸ் 162 டிகிரியில் திரவமாகக் கப்பலில் வரும் வாயுவை மறுபடி ஆவியாக்கிக் குழாயில் விடும் இடம். 2022 மே 26 அன்று எண்ணூர்–செங்கல்பட்டு 115 கிலோமீட்டரும் திருவள்ளூர்–பெங்களூரு 271 கிலோமீட்டரும் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. நகர எரிவாயு உரிமத்தில் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்கள் சேர்ந்து ஒரே பகுதி. 2018இல் நடந்த ஒன்பதாவது ஏலச் சுற்றில் அது டோரன்ட் காஸ் நிறுவனத்துக்குப் போயிற்று. அம்பத்தூர் 2011இலேயே சென்னை மாநகராட்சிக்குள் போய்விட்டது, ஆவடி 2019இல் தனி மாநகராட்சியானது, பூந்தமல்லி நகராட்சியாகவே இருக்கிறது. வரி கட்டும் அலுவலகம் மூன்றானாலும் காஸ் வரும் வழி ஒன்று.

பூமிக்குள்ளிருந்து வரும் வாயு எங்கும் அப்படியே அடுப்புக்கு வருவதில்லை. கிணற்று வாயில் மீத்தேன் முக்கால் பங்குக்கு மேல் இருக்கலாம்; கூடவே ஈத்தேன், புரொப்பேன், பியூட்டேன், இன்னும் கனத்த எண்ணெய்த் துளிகள், நீராவி, கரியமில வாயு, நைட்ரஜன், சில வயல்களில் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு, சில இடங்களில் பாதரசம்கூட. முதலில் திரவத்தையும் மணலையும் பிரிப்பார்கள். அடுத்து அமீன் கரைசலில் குளிப்பாட்டிக் கந்தகத்தையும் கரியமில வாயுவையும் எடுப்பார்கள். கிளைக்கால் கரைசலோ மூலக்கூற்றுச் சல்லடை எனப்படும் குருணைகளோ ஈரத்தை உறிஞ்சும். பிறகு கடுங்குளிரில் இறக்கினால் கனமானவை ஒவ்வொன்றாகத் திரவமாகி விழும். நெல்லைப் புழுக்கி, குத்தி, புடைத்து, தவிடு வேறு உமி வேறு குருணை வேறாக்கும் ரைஸ்மில்லைப் பார்த்தவர்களுக்கு இதில் புதுமை ஒன்றுமில்லை. தவிட்டில் எண்ணெய் எடுப்பதுபோல இங்கேயும் கழித்தது எதுவும் வீணாவதில்லை.

நம் வீட்டுச் சிலிண்டரே அப்படிக் கழிக்கப்பட்ட ஒன்றுதான். குழாய் வாயுவுக்குள் புரொப்பேனும் பியூட்டேனும் அதிகம் இருந்தால் குளிரும்போது திரவமாகிக் குழாயில் தேங்கும். ஆகவே அவற்றை எடுக்கிறார்கள். எடுத்ததைச் சிலிண்டரில் அடைத்தால் எல்.பி.ஜி. மத்தியப் பிரதேசத்தின் விஜய்ப்பூரிலும் மகாராஷ்டிரத்தின் உரணிலும் இந்த வேலை நடக்கிறது. ஈத்தேன் பிளாஸ்டிக் ஆலைக்குப் போகிறது. கந்தகம் உரத்துக்கும் அமிலத்துக்கும் போகிறது. உலகில் இன்று கிடைக்கும் கந்தகத்தில் பெரும்பகுதி எண்ணெயையும் வாயுவையும் சுத்தம் செய்ததில் மிஞ்சியது. ஹீலியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுக இருக்கும் எம்.ஆர்.ஐ ஸ்கேன் இயந்திரங்களின் காந்தத்தைக் குளிர்விக்கும் அந்த வாயு, இயற்கை எரிவாயுவிலிருந்துதான் வணிக அளவில் கிடைக்கிறது. காவிரிப் படுகையில் குத்தாலத்தில் ஓ.என்.ஜி.சி. எடுக்கும் வாயுவில் ஹீலியம் வெறும் 0.06 விழுக்காடு அளவே. அதையும் பிரித்தெடுக்க முடியும் என்று அணுசக்தித் துறையின் கொல்கத்தா மையம் அங்கே ஒரு சோதனை ஆலை வைத்துக் காட்டியது. லாபக் கணக்குக்கு அது போதாது என்பது வேறு விஷயம்.

இனி விதிகள். பெட்ரோலியம் மற்றும் இயற்கை எரிவாயு ஒழுங்காற்று வாரியம் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்தது. பலர் பொதுவாகப் பயன்படுத்தும் குழாய்களுக்கென்று 2008இல் அது வகுத்த ஒழுங்குமுறையில் வாயுவின் தர எல்லைகள் உள்ளன. ஈரமும் சரி, கனத்த ஹைட்ரோகார்பனும் சரி, சுழியம் டிகிரி வரை குளிர்ந்தாலும் துளியாகக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு எடையில் பத்து லட்சத்தில் 5 பங்குக்கு மேல் கூடாது. மொத்தக் கந்தகம் 10 பங்கு. கரியமில வாயு 6 விழுக்காடு, எரியாத வாயுக்கள் எல்லாம் சேர்ந்து 8 விழுக்காடு, ஆக்ஸிஜன் 0.2 விழுக்காடு. இந்த எண்களை மறுபடி ஒருமுறை பாருங்கள். ஒன்றுகூடச் சூட்டைப் பற்றியது அல்ல. ஈரமும் கரியமில வாயுவும் சேர்ந்தால் அமிலமாகி எஃகை அரிக்கும்; ஹைட்ரஜன் சல்ஃபைடு எஃகை வெடிக்க வைக்கும்; ஆக்ஸிஜன் துருப்பிடிக்க வைக்கும். இது குழாயின் உடல்நலப் பட்டியல்.

அதற்காக அதை இளக்காரமாக நினைத்துவிட முடியாது. ஆந்திரத்தின் கிழக்கு கோதாவரி மாவட்டம் நகரம் என்ற கிராமத்தில் 2014 ஜூன் 27 விடியற்காலை கெயில் நிறுவனத்தின் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் எரிந்து இறந்தார்கள். தாட்டிபாக்கா வாயு சேகரிப்பு நிலையத்தை ஒட்டிய ஊர் அது. விசாரணையில் வெளிவந்த செய்தி எளியது: உலர்ந்த வாயுவுக்கென்று போட்ட குழாயில் ஈர வாயுவை ஓட்டியிருக்கிறார்கள். நீரும் எண்ணெய்த் துளியும் அடியில் தேங்கி எஃகை உள்ளிருந்தே தின்றிருக்கின்றன. ‘நீர் துளியாகும் நிலை, சுழியம் டிகிரி’ என்று தாளில் ஒரு வரியாக இருப்பது அந்த ஊரில் அத்தனை உயிர். தர விதிகளில் எது முக்கியம் என்று யாராவது என்னைக் கேட்டால் எரிதிறனையும் கந்தகத்தையும் தள்ளிவைத்துவிட்டு ஈரத்தைத்தான் முதலில் சொல்வேன்.

நம் மேற்குப் புறநகருக்கு வரும் வாயுவுக்கு அந்தப் பயம் குறைவு. காரணம், அது ஏற்கெனவே இன்னொரு கடுமையான வாசலைக் கடந்து வந்திருக்கிறது. வாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீர் பனிக்கட்டியாகும், கரியமில வாயு உலர்பனியாகும். இரண்டும் குளிர்விக்கும் இயந்திரத்தின் நுண்குழல்களை அடைத்துவிடும். ஆகவே திரவமாக்கும் ஆலையில் கரியமில வாயுவைப் பத்து லட்சத்தில் 50 பங்குக்குக் கீழேயும், நீரை ஒரு பங்குக்குக் கீழேயும் கொண்டுவருவது வழக்கம். நம் குழாய் விதியின் 6 விழுக்காடு என்பது இதே கணக்கில் 60,000 பங்கு! பாதரசத்துக்கு அதைவிடக் கெடுபிடி. அது அலுமினியத்தைக் கரையான்போல அரிக்கும். 1973இல் அல்ஜீரியாவின் ஸ்கிக்டா ஆலையில் அலுமினியக் குளிர்விப்பான் பாதரசத்தால் பழுதான பிறகுதான் உலகம் விழித்துக்கொண்டது. விழித்தும், 2004 புத்தாண்டு நாளில் தெற்கு ஆஸ்திரேலியாவின் மூம்பா ஆலையில் அதே காரணத்தால் வெடிப்பு நிகழ்ந்தது. எண்ணூரில் இறங்கும் சரக்கு இத்தனை பாடங்களுக்குப் பிறகு வடிகட்டி வந்தது. சுத்தத்தில் அதைக் குறை சொல்ல இடமில்லை.

குறை வேறிடத்தில் இருக்கிறது. பட்டரவாக்கத்தில் ஒரு பவுடர் கோட்டிங் அடுப்பையோ ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறையையோ எடுத்துக்கொள்வோம். முதலாளிக்கு வேண்டியது குழாயின் ஆரோக்கியம் அல்ல. இன்றைக்கு 200 டிகிரி வைத்த அடுப்பு நாளைக்கும் அதே வால்வு நிலையில் 200 டிகிரி தர வேண்டும். ஒரே அளவு இடத்தை அடைக்கும் மீத்தேனைவிட ஈத்தேன் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்கு சூடு தரும், புரொப்பேன் இரண்டரை மடங்கு. கத்தார் போன்ற இடங்களிலிருந்து வரும் சரக்கில் ஈத்தேன் சற்றுத் தூக்கலாக இருப்பதும், அமெரிக்கச் சரக்கு ஏறக்குறைய முழு மீத்தேனாக இருப்பதும் இந்த வியாபாரத்தில் எல்லோருக்கும் தெரிந்தது. இரண்டுக்கும் இடையில் ஒரு கன மீட்டருக்கான சூடு பத்து விழுக்காட்டை ஒட்டி மாறலாம். இரண்டுமே குழாய் விதியின்படி தரமானவை.

பர்னர்காரர்கள் இதற்கு வோபே எண் என்று ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். எரிதிறனை வாயுவின் ஒப்படர்த்தியின் வர்க்கமூலத்தால் வகுத்தால் வருவது. ஒரே துளை வழியாக ஒரே அழுத்தத்தில் எவ்வளவு சூடு வெளிவரும் என்பதைச் சொல்லும். பிரிட்டன் 1996இல் எழுதிய விதியில் அதற்கு 47.20 முதல் 51.41 வரை என்று எல்லை கட்டியது. ஹாலந்துக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். 1959இல் கண்டுபிடித்த குரோனிங்கன் வயலின் வாயுவில் 14 விழுக்காடு நைட்ரஜன். நாட்டின் அடுப்பெல்லாம் அந்த மந்தமான வாயுவுக்கே செய்யப்பட்டது. வெளிநாட்டிலிருந்து நல்ல வாயு வந்தபோது, அடுப்பை மாற்ற முடியாமல், காசு செலவழித்து வாயுவில் நைட்ரஜனைக் கலந்தார்கள். சுத்தமான பொருளில் எரியாததைக் கலப்பதை நாம் கலப்படம் என்போம். அங்கே அதுதான் தரக் கட்டுப்பாடு. 2023 அக்டோபரில் அந்த வயலில் உற்பத்தி நின்றது. கலக்கும் வேலை நிற்கவில்லை.

நம்மூரில் இந்தப் பாடத்தின் எளிய வடிவத்தை அடுப்பு மாற்ற வரும் பையன் நடத்திக் காட்டுவான். சிலிண்டர் காஸ் அடுப்புக்குச் சுமார் 30 மில்லிபார் அழுத்தத்தில் வருகிறது, குழாய் காஸ் 21 மில்லிபாரில். குழாய் காஸின் சூடும் கன அளவில் குறைவு. ஆகவே ஜெட்டின் துளை பெரிதாக வேண்டும். அதே ஜெட்டை வைத்துக்கொண்டு ‘பைப் காஸில் வேகம் இல்லை’ என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய தவறு, துளை பெரிதாக்கிய அடுப்பில் அவசரத்துக்குச் சிலிண்டரை மாட்டுவது. குழாய் காஸ் அடுப்புக்கென்றே ஐ.எஸ். 17153 என்று தனித் தர நிர்ணயம் வந்துவிட்டது. பழைய சிலிண்டர் அடுப்புக்கு ஐ.எஸ். 4246. வாங்கும்போது எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் நுணுக்கமான ஒரு விஷயம் சிலிண்டருக்குள்ளேயே இருக்கிறது. எல்.பி.ஜி. இரண்டு வீட்டிலிருந்து வருகிறது: ஒன்று வாயு பதப்படுத்தும் ஆலை, மற்றது மணலி போன்ற சுத்திகரிப்பு ஆலை. ஆலையில் கனத்த எண்ணெயை உடைத்துச் செய்யும் எல்.பி.ஜியில் புரொப்பிலீன், பியூட்டிலீன் என்ற நிறைவுறா வகைகளும் இருக்கும். நிலத்தடி வாயுவிலிருந்து பிரித்ததில் அவை இருப்பதில்லை. தோசைக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனால் எல்.பி.ஜியை உடைத்துக் கார்பன் ஏற்றும் சூழலை உண்டாக்கி, அதில் பற்சக்கரத்தைக் கெட்டியாக்கும் பட்டறைக்கு ஒன்றல்ல. நிறைவுறா வகை அதிகமானால் உலைக்குள் கரி படியும். கந்தகம் நிக்கல் வினையூக்கியைக் கெடுக்கும், ஐ.எஸ். 4576 கந்தகத்துக்குத் தரும் எல்லையோ பத்து லட்சத்தில் 150 பங்கு, குழாய் வாயுவின் எல்லையைப்போல் பதினைந்து மடங்கு. ‘போன மாசம் வந்த லோடு நல்லா இருந்தது, இந்த மாசம் சரியில்ல’ என்று உலை ஆபரேட்டர் சொல்வதைப் பிரமை என்று தள்ளக் கூடாது. இரண்டு லோடும் தரச் சான்றிதழில் தேறியிருக்கும்; அவர் சொல்வதும் உண்மையாக இருக்கும்.

சி.டி.எச். சாலையில் சி.என்.ஜி. நிரப்ப நிற்கும் ஆட்டோக்காரரின் கணக்கு இன்னும் வேறு. அவருக்குக் கிலோ கணக்கில் விற்கிறார்கள்; அது நியாயமான அளவை. கன மீட்டர் கணக்கில் ஆளை ஏமாற்றக் கூடிய வெயிலும் அழுத்தமும் எடைக்கு ஒன்றும் செய்துவிட முடியாது. ஐ.எஸ். 15958 அவருடைய வாயுவுக்கான தர எண். 200 பார் வரை அழுத்தி அடைக்கும் வாயுவில் ஈரம் இருந்தால், அழுத்தம் குறையும் இடத்தில் குளிர்ந்து பனியாகி அடைக்கும். சிலிண்டரின் உள்சுவரையும் அரிக்கும். கம்ப்ரஸர் எண்ணெய் கலந்து வந்தால் ரெகுலேட்டர் பிசுக்கேறும். அது பங்க்கின் பராமரிப்பைப் பொறுத்தது. எண்ணூர் முனையம் எத்தனை சுத்தமாக அனுப்பினாலும் கடைசி நூறு மீட்டரில் அழுக்கு ஏறலாம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சிலிண்டரை நீரழுத்தச் சோதனைக்குக் கொண்டுபோவதைத் தண்டச் செலவென்று தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அடுக்களை மீட்டருக்கு வருவோம். அது கன அளவை மட்டும் எண்ணும் கருவி. பில்லில் இருக்கும் ‘எஸ்.சி.எம்’ என்பது 15 டிகிரி வெப்பத்திலும் கடல்மட்ட வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு கன மீட்டர். ஆவடியில் 15 டிகிரியைப் பார்த்தவர் யார்? 35 டிகிரியில் வாயு ஏழு விழுக்காடு விரிந்து நிற்கும். 21 மில்லிபார் கூடுதல் அழுத்தம் அதில் இரண்டை ஈடுகட்டும். வெப்பத்தைத் திருத்திக்கொள்ளும் வசதி இல்லாத மீட்டர் என்றால், பில்லிலும் திருத்தாவிட்டால், மீதி ஐந்து விழுக்காடு வாடிக்கையாளர் தலையில். மாதம் 15 யூனிட் எரிக்கும் வீட்டுக்கு இது முக்கால் யூனிட், பெரிய பணமில்லை. மாதம் பல்லாயிரம் யூனிட் எரிக்கும் தொழிற்சாலைக்குத் திருத்தக் கருவியோடு மீட்டர் வைப்பது அதனால்தான். வீட்டுக்காரரும் ‘என் மீட்டர் வெப்பத்தைத் திருத்துமா’ என்று கேட்டு வைத்துக்கொள்வதில் தவறில்லை.

வரிக் கணக்கையும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். இயற்கை எரிவாயு ஜி.எஸ்.டிக்கு வெளியே நிற்கிறது. வணிகச் சிலிண்டர் உள்ளே. சிலிண்டருக்குக் கட்டிய வரியைப் பட்டறைக்காரர் தன் கணக்கில் கழித்துக்கொள்ளலாம்; குழாய் காஸின் மதிப்புக்கூட்டு வரியை ஜி.எஸ்.டி கணக்கில் கழிக்க முடியாது. சுத்தமான எரிபொருளுக்கு மாறச் சொல்லும் அரசு, மாறியவரிடம் இப்படி நடந்துகொள்வது எனக்குப் புரிந்ததே இல்லை.

இத்தனை பாடுபட்டுக் கந்தகத்தை எடுத்தபின், ஊருக்குள் விடும் முன் ஒரு கந்தகச் சேர்மத்தையே திரும்பச் சேர்க்கிறார்கள். மெர்காப்டான் என்ற அந்தப் பொருள்தான் ‘காஸ் வாசனை’. மீத்தேனுக்கோ புரொப்பேனுக்கோ சொந்த மணம் கிடையாது. 1937 மார்ச் 18 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் நியூ லண்டன் ஊர்ப் பள்ளியில் ஏறத்தாழ முந்நூறு பேர், பெரும்பாலும் பிள்ளைகள், வெடிப்பில் மாண்டார்கள். செலவு மிச்சம் என்று, எண்ணெய் வயலில் பிரித்தெடுத்தபின் வீணாகிக்கொண்டிருந்த எச்ச வாயுவைப் பள்ளி தன் சூடேற்றிகளுக்கு இழுத்துக்கொண்டிருந்தது. அது தரையடியில் கசிந்து நிறைந்தது. மணமில்லாததால் யாருக்கும் தெரியவில்லை. அதன்பிறகே மணம் சேர்ப்பது சட்டமானது. இந்திய விதி, வெடிக்கத் தொடங்கும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு கசிந்தபோதே மூக்குக்குத் தெரிய வேண்டும் என்கிறது. மீத்தேன் காற்றில் 5 விழுக்காடு சேர்ந்தால் தீப்பிடிக்கும். ஆகவே ஒரு விழுக்காட்டிலேயே நாற வேண்டும்.

இதில் நம் பகுதிக்கென்று ஓர் எச்சரிக்கை உண்டு. புது எஃகுக் குழாய் இந்த மணப் பொருளைத் தன் சுவரில் உறிஞ்சிக்கொள்ளும். தொடக்கத்தில் கடைசி வீட்டில் மணம் குன்றிப்போகலாம். இரண்டாவது, சிலிண்டர் காஸ் காற்றைவிடக் கனம், தரையில் படரும். குழாய் காஸ் இலேசு, கூரைக்கு ஏறும். தலைமுறையாகக் கதவடியையும் தரையையும் மோந்து பார்த்துப் பழகிய நாம், இனி பரண் பக்கமும் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டையை அட்டை வைத்து அடைத்த வீடுகள் அம்பத்தூர் அடுக்ககங்களில் ஏராளம். கசிவு தெரிந்தால் அந்த ஃபேன் சுவிட்சைத் தொடவும் கூடாது. ஜன்னலைத் திறந்து, வால்வை மூடி, வெளியே வர வேண்டியதுதான்.

குழாய்க்குள் இனிமேல் வரப்போகும் இன்னொரு விருந்தாளி சாண வாயு. நாமக்கல் பக்கம் கோழிக் கழிவு, ஆலைக் கழிவு இவற்றிலிருந்து சுத்திகரித்து அழுத்திய உயிரிவாயு செய்கிறார்கள். இதற்கு ஐ.எஸ். 16087: மீத்தேன் குறைந்தது 90 விழுக்காடு, கரியமில வாயு 4, ஆக்ஸிஜன் 0.5, மொத்தக் கந்தகம் கன மீட்டருக்கு 20 மில்லிகிராம். குழாய் விதியின் எடைக் கணக்கை மீட்டர் கணக்காக மாற்றிப் பார்த்தால் அங்கே கந்தக எல்லை சுமார் 7 மில்லிகிராம்தான். ஆக்ஸிஜன் எல்லையும் 0.2தான். ஈரத்தில் மட்டும் தலைகீழ், உயிரிவாயு விதியே கடுமை. இரண்டும் ஒரே குழாயில் ஓடப்போகும் காலத்தில் இரண்டு விதி வேறு வேறு கணக்கில் பேசுவது நல்லதல்ல. சாண வாயு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; சந்தைக் குப்பையில் அடுப்பெரிப்பதைவிட மேலான காரியம் எது? ஆனால் கலக்கும் இடத்தில் அளப்பவர் யார் என்பதை இப்போதே எழுதிவைக்க வேண்டும்.

காவிரிப் படுகை வாயுவும் இதே குழாய்த் திட்டத்தின் தெற்கு முனையில் இருக்கிறது. ராமநாதபுரம்–தூத்துக்குடி 143 கிலோமீட்டர் பகுதி 2021 பிப்ரவரியில் திறந்தாயிற்று. அந்த வாயுவின் தரத்தைக் கேட்டால் மீத்தேன் இத்தனை, கரியமில வாயு இத்தனை என்று பட்டியல் வரும். 2017இல் கதிராமங்கலத்து வயலில் கசிந்த எண்ணெயைப் பற்றியோ, அதே ஆண்டு நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் வாரக்கணக்கில் உட்கார்ந்ததைப் பற்றியோ அந்தத் தாளில் இடமில்லை. 2020இல் சட்டமன்றம் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய கிணறுகளைத் தடுத்தது. எங்கிருந்து, எப்படி எடுத்தது என்பதும் ஒரு பொருளின் தரம்தான் என்று அரிசிக்கும் தேனுக்கும் பேசுகிறோம். காஸுக்கு அந்தப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

விதிகளை இப்படி அடுக்கிப் பார்த்ததில் என் முடிவு இதுதான். இந்தியாவில் எரிவாயுத் தர விதி குழாய்க்குப் போதுமானது, மூக்குக்குப் போதுமானது, அடுப்புக்குப் போதாது. வோபே எண்ணுக்கு ஓர் எல்லையும், எரிதிறன் மாறும்போது தொழிற்சாலைக்கு முன்னறிவிப்பும் வேண்டும். வாரியம் அதை எழுதும்வரை காத்திருக்க வேண்டிய அவசியம் அம்பத்தூர்க்காரருக்கு இல்லை. சிறு பட்டறைகள் தனித்தனியாகக் கேட்டால் பதில் வருவது கடினம். தொழிற்பேட்டைச் சங்கம் சேர்ந்து கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், மாதந்தோறும் வாயுவின் சேர்மானத் தாள், எரிதிறன், எந்த வெப்பத்தில் அளந்த கன மீட்டர் என்ற மூன்றையும் கேளுங்கள். புதிதாகக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. பெருங்குழாயின் அளவை நிலையங்களில் குரோமட்டோகிராஃப் சில நிமிடங்களுக்கு ஒருமுறை வாயுவைப் பிரித்து எழுதிக்கொண்டே இருக்கிறது.